வர வேண்டியவர் எத்தனை பேர்?

என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட அவைத் தலைவர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் சான்றோர்களே! இந்தக் கூடத்தைச் செங்கல் செங்கலாக எழுப்பி, இன்று முதல்முறையாக இதற்குள் உட்கார்ந்து இளைப்பாறும் கொத்தனார்களே! முன்வரிசைப் பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பெருமூச்சை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் சன்னலோரம் நிற்கும் உடன்பிறப்புகளே! உங்கள் அத்தனை பேரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

ஐந்து நிமிடம்தான் என்று சொல்லி ஏற்றியிருக்கிறார்கள். ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் என்றால் யார் கேட்பது?

பிரிந்த உறவைத் தேடித் தருவதற்காக இன்று திறக்கப்படுகிறது இந்தக் கூடம். தொலைபேசிகள் இருக்கின்றன, படங்கள் ஒட்டப் பலகை இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இருக்கிறது. இது எப்படி வந்தது தெரியுமா? ஒரு கணக்குத் தப்பாக வந்ததால் வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

வெள்ளம் வந்த ஆண்டு அது. வீதி போனது, வீடு போனது, விதைத்தது போனது, விளக்கேற்ற வீட்டுச் சுவரும் இல்லாமல் போனது. அந்த ஆண்டில்தான் பன்னாட்டு உதவி நிறுவனம் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, ஒரு கால் ஆடும் நாற்காலி, முதுகுக்குப் பின்னால் ஓயாமல் உறுமும் நகல் எடுக்கும் இயந்திரம். தேவைகளை மதிப்பிட்டு ஆராயும் பிரிவு என்று வாசலில் எழுதியிருந்தது. அப்படியென்றால் என்ன வேலை என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். வெள்ளத்தில் வீடிழந்தவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, எங்கே எது முதலில் போக வேண்டும் என்று சொல்கிற வேலை என்றேன். "இதுக்கா இவ்வளவு படிச்ச? போய்ப் பாத்தாலே தெரியுமே" என்றார் அம்மா. சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன். சிரித்து முடித்து ரிசீவரை வைத்ததும் நான் தங்கியிருந்த வாடகை அறை வெறிச்சென்று ஆனது. அம்மாவின் குரல் நின்ற பிறகு அங்கே மின்விசிறியின் சத்தம் மட்டும்தான்.

எங்கள் பிரிவுக்கு ஒரு தலைவர் இருந்தார். தவறான எண் எங்கே ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்து அழித்துவிடுவார். அதனால் பயிற்சிக்கு வந்த நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்கு ஒரு பட்டம் சூட்டினோம். ரப்பர் சார்! சத்தமாகச் சிரிக்காதீர்கள், ஐயா. இன்றைய அவைத் தலைவரே அவர்தான்.

அந்த ரப்பர் சார் ஒரு நாள் என்னை அழைத்துத் திரையைக் காட்டினார். இதோ, இந்த மேட்டில் இருந்த உங்கள் முகாமின் கணக்கு. எங்கள் தொழிலில் வீட்டார் என்றால் யார்? ஒரே அடுப்பில் சமைத்து, ஒன்றாகச் சாப்பிட்டு, அங்கேயே தூங்குகிறவர்கள். இந்த முகாமில் கூடாரத்துக்குக் கூடாரம் கணக்கு இடித்தது. வீட்டில் எத்தனை பேர் என்றால் ஐந்து என்கிறார்கள். நேற்று இங்கே தூங்கியவர் எத்தனை என்றால் நாலு என்கிறார்கள். அடுத்த கூடாரத்தில் ஏழு, அங்கே தூங்கியவர் ஆறு. முகாம் முழுக்க இதே கூத்து.

"ஒரு ஆள் கூடச் சொன்னா ஒரு ஆள் சாப்பாடு கூட வரும்னு நினைக்கிறாங்க. குறைச்சுப் போட்டு அனுப்பிடும்மா" என்றார் அவர். அதில் ஒரு சிக்கல் இருந்தது. பெருக்கிச் சொல்லும் முகாம் என்று பெயர் வாங்கிவிட்டால், நாளைக்கு இவர்கள் தண்ணீர் இல்லை என்றாலும் யாரும் நம்ப மாட்டார்கள். ஊருக்கே பொய்யர் பட்டம் கட்டிவிடுவதா? நேரில் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நின்றேன். அவர் சற்று யோசித்தார். "போய்ட்டு வா. ஆனா கண்ணீரைக் கணக்குல சேர்த்துடாத" என்றார்.

வந்தேன். இதே மேட்டில், இதே காற்றில், முதல் கூடாரத்தில் ஒரு தையல்காரம்மா உட்கார்ந்து கிழிந்த தார்ப்பாயைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். கணவரும் இரண்டு பெண் பிள்ளைகளும் அருகில் இருந்தார்கள். எத்தனை பேர் என்றேன். ஐந்து என்றார். ஐந்தாவது ஆள் எங்கே என்றேன். ஊசி நின்றது.

தண்ணீர் ஏறிய நாளில் இரண்டு லாரிகள் வந்தனவாம். ஒன்றில் குடும்பம் ஏறியது. அக்காவின் தையல் மெஷினை விட்டுவிட்டு வர மனமில்லாமல், அதைத் தூக்கிக்கொண்டு தம்பி மற்றதில் ஏறினான். தாய் போன பிறகு அவர் தூக்கி வளர்த்த தம்பி. முன்னே போன லாரி இங்கே வந்தது. பின்னே வந்த லாரி எந்தப் பாதையில் திரும்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் என்னிடம் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். "சாப்பாட்டுக்கு நாலு பேருன்னுதாம்மா சொல்லியிருக்கேன். போய்க் கேட்டுப் பாரு. நீ வீட்ல எத்தன பேருன்னு கேட்ட. வீட்டுக்கு அஞ்சு பேரு. நாலுன்னு என் வாயால சொன்னா, அவன் இல்லன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடாதா?"

பெரியோர்களே! பசியை அளக்க எங்களிடம் அளவை இருந்தது. தாகத்தை அளக்க அளவை இருந்தது. கூரையின் ஓட்டையை அளக்கவும் அளவை இருந்தது. ஏக்கத்தை அளக்க என்ன இருந்தது? எதுவும் இல்லை. ஒருத்தி தன் தம்பிக்காக ஏங்கினால், எங்கள் கணினி அதைப் பிழை என்று சிவப்பில் காட்டியது.

அன்று மாலை வீட்டுக்குத் தொலைபேசி செய்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். நம் வீட்டில் எத்தனை பேர்? "நாலு பேரு. என்னடி கேள்வி இது, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் அம்மா. அப்பா, அம்மா, அண்ணன். நாலாவது ஆள் நான். அந்த அடுப்பில் நான் சாப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எங்கள் விதிப்படி நான் அந்த வீட்டாளே இல்லை. அம்மாவின் கணக்கில் நான் ஒரு நாளும் குறையவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அன்று அழுத அழுகையை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

மறுநாள் ரப்பர் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே உருகிவிட்டார் என்று நினைக்காதீர்கள், அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. உணவு வழங்குகிறவர்களை அழைத்துக் கேட்டார். கூடாரத்துக்குக் கூடாரம் சரிபார்த்தார். ஒருவர்கூட ஒரு பிடி அரிசி அதிகம் வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "அந்த அஞ்சாவது ஆளை அழிச்சாலும் தப்பு, நாலோட சேர்த்துக் கூட்டினாலும் தப்பு. தனியா கேளுங்க" என்றார். தன் கையாலேயே கேள்வியையும் எழுதினார். இங்கே இருப்பவர் எத்தனை பேர்? அதன் கீழே, வர வேண்டியவர் எத்தனை பேர்?

காணாமல் போனவர் என்று எழுதவில்லை. தொலைந்தவர் என்று எழுதவில்லை. வர வேண்டியவர் என்று எழுதினார். அழிப்பதற்கென்றே பிறந்தவர் என்று நாங்கள் கேலி செய்த மனிதர் எழுதிய எழுத்து அது. ஐயா, கடிகாரத்தைப் பாருங்கள், நிமிர்ந்து பார்த்தால் உங்கள் கண் கலங்கியிருப்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அந்தக் கேள்வியோடு எல்லா முகாம்களுக்கும் மீண்டும் போனோம். எது குறைகிறதோ அந்த இடத்துக்கு வரைபடத்தில் சிவப்புத் தீட்டுவது எங்கள் வழக்கம். இந்த மேட்டில் சோறு இருந்தது, தண்ணீர் இருந்தது, ஒழுகாத கூரையும் இருந்தது. அதனால் அதுவரை வெளிர் மஞ்சளாக, நிம்மதியான இடமாகத் தெரிந்தது. வர வேண்டியவர்களை எண்ணி முடித்தோம். அந்த மஞ்சள் முழுவதும் சிவந்துபோனது. அந்த ஒரு வரைபடத்தைக் காட்டித்தான் இந்தக் கூடத்தைக் கேட்டோம்.

தையல்காரம்மாவின் தம்பி இன்னும் வரவில்லை. வந்துவிடுவான் என்று இந்த மேடையில் நின்று வாக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. தேடுவோம் என்று வாக்குக் கொடுக்க உரிமை இருக்கிறது. முகாம் முகாமாகத் தேடுவோம். பாதை பாதையாகத் தேடுவோம். பதில் வரும்வரை தொலைபேசி மணியை அடித்துக்கொண்டே இருப்போம். செய்வோமா? சன்னல் பக்கத்திலிருந்து மட்டும்தான் சத்தம் வருகிறது. செய்வோமா? அப்படிச் சொல்லுங்கள்.

முடிக்கும் முன் ஒன்று. இங்கே இத்தனை பேர் நிற்கிறீர்கள், மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலியில் மட்டும் துணிப்பை உட்கார்ந்திருக்கிறது. சற்று முன்பு ஒருவர் வந்து, "இந்த இடம் காலியாம்மா?" என்று கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. "இல்லப்பா, ஆள் வரணும்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா சொன்னதும் கேட்டது. கால் வலித்தாலும் பரவாயில்லை, தயவுசெய்து அந்த நாற்காலியை யாரும் எடுக்காதீர்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. அழிக்காமல் விட்ட ஐயாவுக்கு நன்றி. வந்திருக்கும் அத்தனை பேருக்கும் வணக்கம். வர வேண்டியவர்களுக்கும் வணக்கம்.