பாதியில் நின்ற ஜெபம்

திருநின்றவூரில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

“இனிமே ஜெபக்கூட்டம் என் ஊட்ல வேணாம்டி. என்னால நடத்த முடியாது,” என்றார் மூத்தவர்.

“இன்னாக்கா ஆச்சு?”

“ஞாயித்துக்கெழம ஜெபம் பண்ணிக்கினு இருக்கசொல்ல பாதியில வார்த்தையே வரல. நீங்கல்லாம் கண்ண மூடிக்கினு கீறீங்க, நான் முழிச்சிக்கினு நிக்கிறேன். ஊரு மாறிப் போனாரே பாஸ்டர், அவரு இப்டி நின்னிருக்காரா?”

“இல்ல. அவரு மூச்சுவுடாம ஜெபிப்பாரு, நாங்க ஆமென் மட்டும் சொல்லுவோம். நீ நின்னதாலதான எங்க ஊட்டுக்காரரு ஆரம்பிச்சாரு? அதுக்கு முன்ன அந்தாளு சத்தமா ஜெபிச்சு நான் கேட்டதே இல்லக்கா.”

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்பத்தூரில் இளையவர் எழுந்தார்.

“இந்த வாரமும் நடுவுல கொஞ்சம் நிறுத்துக்கா. எங்க மாமியாரு பாக்கி.”

மூத்தவர் சிரித்துவிட்டார். “ஞாயித்துக்கெழம என் ஊட்டுக்கு வரசொல்ல பாய் ஒண்ணு எடுத்துக்கினு வா.”