கடல்நாய்க் குட்டியின் கண்

தேநீர் நன்றாக இருக்கிறது, அதிகாரி. எங்கள் ஊர் லீத்தின் துறைமுகக் கடைகளில் இவ்வளவு சூடாகத் தர மாட்டார்கள்.

பதிப்பகம் என்றால் நானும் என் சமையலறை மேசையும்தான். கவிதை போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் நாடு விலகிவந்த ஐரோப்பிய ஒன்றியத்தில், விற்கும் பொருள்களுக்கெல்லாம் ஒரு பாதுகாப்பு விதி வந்தது. அங்கே புத்தகம் விற்க வேண்டுமானால், அங்கேயே குடியிருக்கும் ஒருவர் பொறுப்பாளராக வேண்டும். அவர் பெயரும் விலாசமும் புத்தகத்தில் அச்சாக வேண்டும். கவிதையால் யாருக்கு என்ன ஆபத்து என்று புலம்பினேன். கேட்க நாதியில்லை. அனுப்பிய கட்டுகள் திரும்பி வந்து வாசலில் நனைந்தன.

அயர்லாந்தில், கால்வேயில் இருக்கும் ஓர்லாவை அழைத்தேன். கல்லூரித் தோழி.

"பேர்தானே மர்டோ? போட்டுக்கோ. உன் கவிதை யாரையும் கடிச்சிடாது" என்று சிரித்தாள்.

நன்றியுரைக்குக் கீழே அவள் பெயரை அழகான எழுத்தில் போட்டேன். பதிப்பாளர்கள் எந்தச் சங்கடத்தையும் இப்படித்தான் தீர்ப்போம், ஒரு வரி சேர்த்து.

அடுத்து, கைக்குழந்தைகளுக்கு ஒரு துணிப் புத்தகம். அதிலும் பொறுப்பாளர் ஓர்லாதான். கடல்நாய்க் குட்டிக்குக் கண்ணாக ஒரு பொத்தான். சோதனைக்கூடத்துக்கு அனுப்ப எனக்கு வசதியில்லை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஓர்லாதான் கண்டுபிடித்தாள். "மர்டோ, என் தங்கச்சி குழந்தை இழுத்ததும் கண்ணு கையோட வந்துடுச்சுப்பா. எல்லாத்தையும் திரும்ப வாங்கிடு. இல்லேன்னா நான் அரசாங்கத்துக்குச் சொல்லிடுவேன்."

"ஐயோ, சொன்னா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும். கிறிஸ்மஸ் வரைக்கும் பொறுத்துக்கோ ஓர்லா."

 "சரி, உனக்காக" என்றாள்.

மிச்சப் பிரதிகளையும் அன்றே கடைகளுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டில் கிடந்தால்தானே மனம் உறுத்தும்.

கிறிஸ்மஸுக்கு முன்பே, அயர்லாந்தின் லிமரிக் நகரில் ஒரு குழந்தையின் தொண்டையில் அந்தக் கண் சிக்கியது. பிழைக்கவில்லை. கிரானியா என்று பெயராம்.

 பாவம், பச்சைக் குழந்தை. அயர்லாந்து அதிகாரிகளை உடனே அழைத்து, பொறுப்பாளருக்குப் பழுது முன்பே தெரியும் என்று சொன்னது நான்தான். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நான் கெஞ்சியதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விசாரணையில் ஓர்லாவும் சொல்லவில்லையாம். "என் தப்புதான்" என்று அழுதாளாம். அவள் எப்போதுமே அப்படித்தான்.

என்னைக் காப்பாற்றத்தான் அவள் வாயைத் திறக்கவில்லை என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், அதிகாரி. பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரா இருக்கிறது?