முன்னோர் அலமாரி

இன்றைக்கும் அதையேதான் கேட்கப் போகிறான், முகத்திலேயே எழுதியிருக்கிறது. கேட்கட்டும், காது மந்தமானவள்போல் இருந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள் லியென். கொழுந்தன் குவாங் வாசல் பலகைகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பினான்.

— ...அண்ணி, காதுல விழுதா? பத்து மணிக்குச் சுற்றுலாக்காரங்க படகுத்துறையில எறங்கிருவாங்க.

— விழுது. தேத்தண்ணி போட்டு வெச்சிருக்கேன். குடு.

— தேத்தண்ணி குடிக்கவா இந்த ஹோய் ஆன் ஊருக்கு வர்றாங்க? வீட்டப் பாக்கணும், கதையக் கேக்கணும்.

— தூண்ல வெள்ளம் ஏறின கோடு இருக்கு, வருஷமும் எழுதியிருக்கு. பாத்துக்கட்டும்.

— கோடு பேசுமா? நீங்கதான் பேசணும். முகத்தக் கழுவிட்டு, அந்த நீலப் பட்டு அங்கிய... இப்படியே நின்னா பயந்துருவாங்க.

— பழசப் பாக்கத்தானே வர்றாங்க. என்னையும் பாத்துட்டுப் போகட்டும்.

— வாய் மட்டும் கொறையல! அண்ணி, வெளையாட்டில்ல. கூட வர்ற வழிகாட்டிதான் எந்தெந்த வீட்டுக்கு ஆளக் கூட்டிட்டுப் போகணும்னு பட்டியல் போடுறாரு. நம்ம வீடு விட்டுப்போச்சுன்னா கூரைய மாத்த வழியில்ல. அடுத்த மழைக்கு நிக்காது.

— நிக்காட்டி விழட்டும்.

— எட்டுத் தலைமுறை வீடு அண்ணி!

— தேத்தண்ணி ஆறுது.

— ஒரே ஒரு தடவ அந்த வெள்ளக் கதையச் சொல்லுங்க. மச்சுப் பலகையத் தெறந்து, கயித்துல கட்டி, சாமானெல்லாம் மேல ஏத்தினோமே... மொதல்ல முன்னோர் அலமாரி...

— மொதல்ல நாற்காலி. அலமாரி கடைசி. ஊதுபத்தி எரிஞ்சு முடியாம அதத் தொடக் கூடாதுன்னு உங்கண்ணன் காத்துக்கிட்டிருந்தாரு. தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு.

— ஆமா... அதச் சொல்ல வேணாம். அப்புறம் அண்ணன் எதுத்த வீட்டுக் கெழவியக் காப்பாத்தப் போனாரு, ஆறு இழுத்துட்டுப் போயிருச்சு. நீங்க சொன்னா கண்ணீர் விட்டுருவாங்க.

— அந்தக் கெழவி முந்தின வாரமே மக வீட்டுக்குப் போயிட்டா.

— அது யாருக்குத் தெரியும்?

— ஒனக்கு. எனக்கு.

— துக்கத்துக்கு வந்தவங்ககிட்டல்லாம் நீங்களும் அதத்தானே சொன்னீங்க! மூணு வருஷமா!

— சொன்னேன். சொல்றப்பல்லாம் அவரு கீழேருந்து தட்டுற சத்தம்...

— மெதுவா! தெருவுல ஆளு போகுது.

— போகட்டும்.

— படிக்கட்டத் தண்ணி பேத்துருச்சு. இருந்த ஒரே வழி மச்சுத் தெறப்பு, அதுலயும் அலமாரி சிக்கிக்கிச்சு, அண்ணன் கீழயே மாட்டிக்கிட்டாரு. ஏத்தவும் முடியல, எறக்கவும் முடியல. நான் என்ன பண்ணுவேன்? கோடாலி கெடைக்கல அண்ணி... கெடைச்சிருந்தா ஒடைச்சிருப்பேன்.

— ம்.

— என்ன ம்? நம்புறீங்கதானே?

— ஒன்னக் கொற சொல்லல குவாங்.

— படகு வந்துருச்சு. பேச்சுச் சத்தம் கேக்குது பாருங்க. ஒங்க கால்ல விழறேன், வாங்க அண்ணி.

— கோடாலி என் கையில இருந்துச்சு. நீயும் பாத்தே. அலமாரிக்குள்ள பெரியவங்க பேர்ப் பலகையெல்லாம் இருக்கு, எப்படி வெட்டறதுன்னு ரெண்டு பேரும் நின்னோம்... சத்தம் நிக்கற வரைக்கும் நின்னோம். நான் வரல தம்பி. நீ போ.