ஓட்டைக்குடைக்கு மட்டும்

அக்கா: மேசைக்கு அடியில இருந்து பேசாதே. வெளியே வந்து பேசு.

தம்பி: ஒயரைச் சொருகிட்டு வர்றேன்னுதான் சொன்னேன்... இந்தா, வந்துட்டேன். வீட்டுக்கு இருக்கறது ஒரே போன் லைன். அதையும் இந்த மோடத்துக்குத் தாரை வார்த்துட்டே.

அக்கா: என் கம்ப்யூட்டர் அறிவிப்புப் பலகைக்கு அது போதும். ஒரு நேரத்துல ஒருத்தர் கம்ப்யூட்டர்ல இருந்து கூப்பிட்டு உள்ளே வரலாம். நாப்பத்தோரு பேர், ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து படிச்சுட்டுப் போறாங்க.

தம்பி: மனுஷன் கூப்பிட்டா கீச்சுனு கத்துது.

அக்கா: மனுஷங்க யாரு கூப்பிடறாங்க?

தம்பி: நான் கூப்பிட்டேன். ரெண்டு தடவை.

அக்கா: ...ஃப்ளாப்பியைப் போடு. செய்திமடல் புரோகிராம் ஓடுமா, ஓடாதா? இலவசம்னாங்க. அதான் சந்தேகமா இருக்கு.

தம்பி: ஓடும். எழுதினவன் காசு கேக்கல. பிடிச்சிருந்தா ஒரு தபால் அட்டை போடுங்கன்னு விலாசம் மட்டும் குடுத்திருக்கான்.

அக்கா: பாவம். கூடப் பொறந்தவங்களுக்கே அட்டை போடாத காலம்...

தம்பி: யாரைச் சொல்றே?

அக்கா: பொதுவாச் சொன்னேன்.

தம்பி: பொதுவா... ஒரு வருஷமா வாயைத் திறக்காம இருந்துட்டு, 'பலகைக்கு ஒரு புரோகிராம் போடணும், வா'ன்னு ஒத்தை வரிக் கடுதாசி போட்டவ நீ. நானும் கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன் பாரு, மானம் ரோஷம் இல்லாம.

அக்கா: ரேடியோ ரிப்பேர் பண்ணிக்கிட்டே இதையும் கத்துக்கிட்டது நீ ஒருத்தன்தானே. திரையில என்னவோ கேக்குது பாரு.

தம்பி: மடலைத் தாண்டிப் போக விடலாமான்னு கேக்குது. உள்ளே வந்ததும் மடல் கண்ணுல படும். பிடிக்கலைன்னா ஒரு தட்டு தட்டிட்டுப் போயிடலாம். இல்ல, கடைசி வரி வரைக்கும் படிச்சாத்தான் விடுவேன்னும் வைக்கலாம்.

அக்கா: எல்லாரும் தாண்டட்டும். ஒருத்தருக்கு மட்டும் தாண்ட முடியாம வை.

தம்பி: ஆளுக்கு ஆள் வைக்கலாம். யாருக்கு?

அக்கா: ஓட்டைக்குடைக்கு... என்னடா முழிக்கறே?

தம்பி: இல்ல... யாரு அது? இப்படி ஒரு பேரு?

அக்கா: பலகையில அவனவனுக்கு ஒரு புனைபேரு. இவன் தினமும் காலையில, கடைகள் திறக்கற நேரத்துக்கு வருவான். நாலு நிமிஷம். ஒண்ணு விடாம படிப்பான், ஒரு வரி எழுத மாட்டான். எனக்குக் காய்ச்சல்னு எழுதின வாரம் மட்டும் சாயங்காலமும் வந்தான்.

தம்பி: வேலைவெட்டி இல்லாதவன் போல.

அக்கா: அப்படித்தான் இருக்கணும்.

தம்பி: சரி... வச்சாச்சு. மடலைத் திற. எழுத்து ஒழுங்கா வருதான்னு பாத்துடறேன்.

அக்கா: இங்கே வேண்டாம். அவங்கவங்க இடத்துல இருந்து படிக்கட்டும்.

தம்பி: சோதிக்காம விட்டா நாளைக்கு நாப்பத்தோரு பேரும் மாட்டிக்கிட்டு நிப்பாங்க. யார் பேர்லயாவது ஒரு தடவை உள்ளே போய்ப் பாக்கணும்.

அக்கா: அப்போ ஓட்டைக்குடை பேர்லயே போ.

தம்பி: அவனோட பாஸ்வேர்டு எனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: கொஞ்சம் யோசி. வந்துடும்... என்ன, விரல் நகர மாட்டேங்குது?

தம்பி: அது நான்தான்னு எப்போ கண்டுபிடிச்சே?

அக்கா: சேர்ந்த அன்னிக்கே. பிறந்த தேதி கேக்குமே... உன்னோடதைப் போட்டா மாட்டிக்குவேன்னு என்னோடதைப் போட்டிருக்கே. பெரிய துப்பறியும் புலி.

தம்பி: அவசரத்துல வேற தேதி ஞாபகத்துக்கு வரல. தெரிஞ்சும் இத்தனை நாளா எனக்கு ஒரு வரி எழுதலையே நீ.

அக்கா: எழுதினா வர்றதையும் நிறுத்திடுவியோன்னு பயம்டா.

தம்பி: பயமா? உனக்கா? ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ஒரு கடையில நின்னு கூப்பிட்டேன். அம்மாகிட்ட கூட சொல்லல, முதல் போன் உனக்குத்தான். 'பொண்ணு பொறந்திருக்காக்கா'ன்னு தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி கத்தினேன். 'சரி சரி, அப்புறம் பேசலாம்'னு வச்சுட்டே.

அக்கா: என்ன... எப்போ...

தம்பி: இரு, நான் முடிச்சுடறேன். பத்து நாள் கழிச்சு அசலூர் ஆள் மாதிரி வந்தே, பாப்பாவுக்குச் சட்டையைக் குடுத்தே, போயிட்டே. அடுத்த வாரமே லைனை மோடத்துக்குக் குடுத்துட்டே. நான் கூப்பிடக் கூடாதுன்னுதானே? இருபது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உக்காந்து ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்தவ... எனக்கு மட்டும்...

அக்கா: குனிஞ்சுக்கிட்டுப் பேசாதடா. பாதி போயிடுது.

தம்பி: எது போயிடுது?

அக்கா: நீ பேசறது. எக்ஸ்சேஞ்சு வேலை அலுத்துப்போச்சு, விட்டுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேனே... பொய். காது போயிடுச்சு. உன் உதட்டைப் பாத்துத்தான் பேசிக்கிட்டிருக்கேன். அதைச் சொல்ல வாய் வராமத்தான் மடல்ல எழுதி வச்சேன். அப்பல்லாம் போன் எடுத்தா, யாரு, என்னன்னு ஒண்ணும் புரியாது. எல்லாருக்கும் ஒரே பதில்தான்... சரி சரி, அப்புறம் பேசலாம். பொண்ணு பொறந்த சேதியைப் பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன், பத்து நாள் கழிச்சு. என் தம்பி எனக்குச் சொல்லலையேன்னு கடையில நின்னு அழுதுக்கிட்டேதான் அந்தச் சட்டையை வாங்கினேன்... அன்னிக்குக் கூப்பிட்டது நீயாடா?