சூரிச்சுக்கு ரெண்டேகால் மணித்தியாலம்

யோகாம்பாள்: …அப்ப ஒஸ்லோவிலை பிளேன் ஏறினால் சூரிச்சுக்கு எவ்வளவு நேரம் எண்டீர், தம்பி?

குலேந்திரன்: ரெண்டேகால் மணித்தியாலம், அக்கா.

யோகாம்பாள்: போன வெள்ளிக்கிழமை ரெண்டரை எண்டு சொன்னனீர்.

குலேந்திரன்: அது… எதிர்க்காத்து எண்டால்.

யோகாம்பாள்: போனிலை இருந்துகொண்டு காத்தையும் பாக்கிறீர். தூரம்?

குலேந்திரன்: ஆயிரத்து நானூறு கிலோமீற்றர் வரும். ஒரு கோப்பியைக் குடிச்சு, சாடையாக் கண்ணை மூடினால் சூரிச்.

யோகாம்பாள்: உமக்கென்ன, ரிக்கற் விக்கிற ஆள். அப்பிடித்தான் சொல்லுவீர். கடையிலை சனமோ?

குலேந்திரன்: ஓம்… நத்தார் லீவு வருதெல்லோ. ரெண்டு பேர் நிக்கினம்.

யோகாம்பாள்: அப்ப போனை வைக்கட்டே…

குலேந்திரன்: வேண்டாம், வேண்டாம். கதிரை கிடக்கு, இருப்பினம். நீங்கள் கதையுங்கோ. சாப்பிட்டியளோ?

யோகாம்பாள்: பாண் கிடந்தது… நீர்?

குலேந்திரன்: இனித்தான்.

யோகாம்பாள்: சூரிச்சிலை இருக்கிற தங்கச்சி நேற்றும் போன் எடுத்தவள். மனிசன் செத்த பிறகு அவளுக்கு வீடு பெரிசாப் போச்சாம். வந்து என்னோடை இரு அக்கா எண்டு ஒரே அழுகை.

குலேந்திரன்: அவ எவ்வளவு காலமாக் கூப்பிடுறா. நீங்கள் நேரத்தையும் தூரத்தையும் கேட்டுப்போட்டு வைச்சிடுவியள்.

யோகாம்பாள்: ஓம்… இண்டைக்கு ரிக்கற் போடும், தம்பி.

குலேந்திரன்: இண்டைக்கோ, அக்கா?

யோகாம்பாள்: ஓம், இண்டைக்குத்தான்.

குலேந்திரன்: சரி. திரும்பி வாறது எப்ப?

யோகாம்பாள்: வாறதுக்கு வேண்டாம். போறதுக்கு மட்டும்.

குலேந்திரன்: போறதுக்கு மட்டுமோ… அப்ப இஞ்சை ரொம்சோஸிலை இருக்கிற உங்கடை வீடு?

யோகாம்பாள்: அதிலை ஆர் இருக்கினம், நான் திரும்பி வர?

குலேந்திரன்: அக்கா… என்னாலை ரிக்கற் போடேலாது.

யோகாம்பாள்: ஏன்?

குலேந்திரன்: கடையைப் பூட்டிப்போட்டன். இப்ப இல்லை, வெயில் காலத்துக்கு முந்தியே. சனமெல்லாம் இன்ரநெற்றிலை எடுக்குது, ஆர் என்னட்டை வருவினம்… கடை நம்பரை மட்டும் வீட்டுக்கு மாத்தி வைச்சனான்.

யோகாம்பாள்: ஏன் மாத்தினீர்?

குலேந்திரன்: வெள்ளிக்கிழமையிலை நீங்கள் போன் எடுப்பியளே. இஞ்சை ஒரு சனமும் நிக்கேல்லை, அக்கா. நான் மட்டும்தான்… கோவமோ?

யோகாம்பாள்: கடை பூட்டினது எனக்குத் தெரியும், தம்பி. சித்திரையிலை அந்தப் பக்கம் வந்தனான். கண்ணாடியிலை கடுதாசி ஒட்டிக் கிடந்தது. வீட்டை போய், மனம் கேளாமல் நம்பரை அடிச்சன்… நீர் எடுத்தீர். பிறகு கடை பூட்டினதைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை, கேட்டால் நீர் எடுக்காமல் விட்டிடுவீர் எண்டு. தங்கச்சி ரிக்கற்றை எடுத்து அனுப்பிப்போட்டாள். நாளைக்கு விடியப் பயணம். அதைச் சொல்லத்தான் எடுத்தனான்… எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை, அதுதான் உம்மட்டை ரிக்கற் கேட்டனான்.