ஊற்றுக்கு வந்து சேர்ந்த சூடு

மேடையில் வீற்றிருக்கும் பாதிரியார் ஹாலிஸ் அவர்களே, மீக்கர் நகரப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பண்ணைக்காரர் லொரீனா வைமன் அம்மையாரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முனைவர் வெண்டல் ஓகர்லுண்ட் மறைந்துவிட்டார். அவரைப் புகழ எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் பேசத்தான் வேண்டும்.

பிசியான்ஸ் ஓடைக்கரையில், நிலத்தடிப் பாறைக்குள் மின்சூடேற்றிகளை இறக்கி, அதை வருடக்கணக்காக வேகவைத்து எண்ணெய் எடுக்கப் பார்த்தது எங்கள் நிறுவனம். அந்தச் சூடு எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் பரவும் என்று கணினியில் கணக்குப் போட்டவர் வெண்டல். நான் அவருடைய மேலாளர். எண்ணெய் விலை விழுந்தது. சுவிட்சை அணைத்தோம், கேக் வெட்டினோம், பிரிந்தோம். கேக்கைத் தொடாமல் நின்றவர் அவர் ஒருவர்தான்.

"நாம வேலைய விட்டது பாறைக்குத் தெரியாது, கர்ட்டிஸ்," என்றார். "உள்ள போன சூடு நடந்துகிட்டேதான் இருக்கும். பத்து வருஷத்துல லொரீனா அம்மா ஊற்றுக்கு வந்துரும். முதல்ல தண்ணி வெதுவெதுன்னு ஆகும். பின்னாடியே எண்ணெய் நாத்தம் வரும்."

மறுநாளே அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். கூடப் போன நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ஒண்ணுமே ஆகலையேப்பா, அதுக்குள்ள மன்னிப்பா?" என்று அம்மையார் சிரித்தார். "வண்டிக்குள்ள ஒருத்தர் பதுங்கியிருக்காரே, அவருக்கும் சேர்த்துத்தானா?"

"அவருக்கும் சேர்த்துத்தாம்மா."

அதன்பின் பத்து வருடமாகப் பனியில் போய் ஊற்றில் வெப்பமானியை இறக்கியது யார்? வெண்டல். சம்பளமில்லாமல் போனது யார்? வெண்டல். தன் கணக்கு தப்பாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போன விஞ்ஞானியை நீங்கள் பார்த்ததுண்டா? இந்தக் குளிர்காலத்தில் படுக்கையில் விழுந்தபோது வெப்பமானியை என் கையில் தந்தார். அவர் கண்மூடும்வரை தண்ணீர் சில்லென்றுதான் இருந்தது. "என் கணக்கு தப்புதான் போல, கர்ட்டிஸ்," என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

நேற்று, அடக்கம் முடிந்த பிறகு, மறுபடி ஊற்றுக்குப் போனேன். நம்ப முடியாமல் திரும்பத் திரும்ப இறக்கிப் பார்த்தேன்.

லொரீனா அம்மா, தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கிறது. வெண்டல் போட்ட கணக்கு சரி. இன்றைக்கே மாடுகளை அந்த ஊற்றிலிருந்து வேறு பக்கம் ஓட்டச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் லாரி நாளை வரும், அதை நானே ஓட்டி வருவேன். நிறுவனம் மறுத்தாலும் அவருடைய கணக்கை என் பெயரில் மாவட்ட அதிகாரிகள் முன் வைப்பேன். அவர் விட்ட இடத்திலிருந்து வாராவாரம் அளப்பேன். இது அவர் பெயரால் நான் தரும் வாக்கு.

அன்று எனக்கும் சேர்த்து அவர் மன்னிப்புக் கேட்டார். அது செல்லாது, அம்மா. இப்போது நானே கேட்கிறேன்.