மாமன் பேரை முழுங்கின பிரவுசர்

சத்தியமா சொல்றேன் தம்பி, நான் சொல்றதுல ஒரு எழுத்துகூடப் பொய் கெடையாது. கையில இருக்கிற டிக்கெட்டு மேல அடிச்சுச் சொல்றேன். ஒரு சொல்லு பொய்யா இருந்தா இந்த பஸ்ஸு அறந்தாங்கியத் தாண்டாது, நடுரோட்டுல படுத்துரும். சிரிக்காதீங்க. போன மாசம் அப்படித்தான் படுத்துச்சு. அது எனக்கு முன்சீட்டுல இருந்த ஆளு சொன்ன பொய்யி.

ஆவுடையார்கோவில் கல்யாணத்துக்குத்தானே போறீங்க? ஜோசியமெல்லாம் இல்லைங்க, புதுக்கோட்டையில ஏறுனதுலேருந்து அந்தப் பரிசுப் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு நெளியிறீங்க, அது மேல பொண்ணு பேரு இலக்கியான்னு கொட்டை எழுத்துல இருக்கு. மெட்ராஸ்ல அந்தப் பிள்ளையோட ஒரே ஆபீசா? கம்ப்யூட்டர் வேலையா? அப்ப ஒங்களத்தான் கேக்கணும். இந்த பிரவுசர் பிரவுசர்னு போன்ல ஒண்ணு பக்கத்தத் தொறந்து காட்டுதே, அதப் படைச்சவன் முதுகெலும்புன்னு ஒண்ணு வச்சானா, மறந்துட்டானா?

கோவமெல்லாம் இல்லை. எனக்கென்ன கோவம். கோவம் வெள்ளைச்சாமிக்கு. பொண்ணுக்குத் தாய்மாமன், எங்க தெருதான். ஒரே தங்கச்சி அவருக்கு, அமிர்தவல்லின்னு பேரு. அந்த அமிர்தவல்லி மகதான் ஒங்க இலக்கியா. காது குத்துனப்ப மாமன் மடியில வச்சுத்தான் குத்துனாக. குத்துன ஆசாரி கைய அந்தப் பிள்ளை கடிச்சதுல அந்தாளு அன்னைக்கோட தொழில விட்டுட்டு மளிகைக்கடை வச்சுட்டாரு. சத்தியமாங்க.

அப்பேர்ப்பட்ட பிள்ளைக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்கலாம்னா, பேப்பர்லாம் வேணாம், நானே இணையத்துல அழகா ஒரு பக்கம் எழுதுறேன், லிங்க்க அனுப்பினாப் போதும்னு அந்தப் பிள்ளை சொல்லிருச்சு. சரி, படிச்ச பிள்ளை. வெத்தலை பாக்கு வச்சு மொத ஆளா வெள்ளைச்சாமியத்தான் அழைச்சாக. மறுநா லிங்க் வந்துச்சு. மனுசன் கண்ணாடியப் போட்டுக்கிட்டு, தெருவுல ரெண்டு ஆளயும் கூட்டி வச்சுக்கிட்டு, தொறக்கிறாரு. தாய்மாமன்னு தலைப்பு இருக்கு. அதுக்குக் கீழ என்ன பேருங்கிறீங்க? சந்தனம்.

சந்தனம் யாரா? வெள்ளைச்சாமிக்குப் பெரியப்பா மகன். வரவேற்புக்குப் பன்னீர் தெளிக்க நிப்பாட்டியிருந்த ஆளு. அவன் பேரு வரவேற்புங்கிற தலைப்புல வரணும். அந்தத் தலைப்பையே காணோம். வெள்ளைச்சாமியையும் காணோம். பன்னீர்ச்செம்போட நின்னவன் ஒரே ராத்திரியில தாய்மாமன் ஆயிட்டான்.

நீங்க வேற. நம்ம பக்கத்துல தாய்மாமன் பேரு விட்டுப்போறதுன்னா சின்ன விசயமா? தாய்மாமன் வந்து நெத்தியில பட்டம் கட்டினாத்தான் பொண்ணு மணவறைக்கே வரும். பத்திரிகையில பேரு கொஞ்சம் கீழ போனதுக்கே மூணு தலைமுறை பேசாம இருக்கிற குடும்பத்த நான் காட்டுறேன், வாங்க. வெள்ளைச்சாமி போன அணைச்சு அரிசிப் பானையில போட்டுட்டாரு. தங்கச்சி அழுதுக்கிட்டே நேர்ல வந்துச்சு. கதவத் தொறக்கல. பிள்ளையும் மெட்ராஸ்லேருந்து ஓடியாந்துச்சு. ஒரு கொட்டேஷன் குறிய மூடாம விட்டுட்டேன் மாமா, வேற ஒண்ணுமில்ல மாமான்னு சன்னல் வழியாச் சொல்லுது. கொட்டேஷன் மூடலையாம், மாமனக் காணோமாம். கிணத்த மூடலைன்னாக்கூட ஒரு நியாயம் இருக்கு.

இந்தா, அறந்தாங்கி தாண்டிருச்சு பாத்தீங்களா. நான் சொன்னது அம்புட்டும் நெசம்.

அப்பறம் என்ன, வெள்ளைச்சாமி பானையிலேருந்து போன எடுத்துக்கிட்டு புதுக்கோட்டையில கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிற எழிலரசன்கிட்டப் போனாரு. அந்த ஆளு பக்கத்தோட உள்ளெழுத்தத் தொறந்து வெரல வச்சுக் காட்டுறாரு. இங்க ஒரு கொட்டேஷன், இந்தா இந்த ரெட்டைக் கோடு, தொடங்குதுங்கய்யா, முடியல. அதனால பிரவுசரு அடுத்த கொட்டேஷன் எங்க வருதுன்னு தேடிக்கிட்டே போகுது. வழியில இருந்த ஒங்க பேரு, வரவேற்புங்கிற தலைப்பு, எல்லாத்தையும் முழுங்கிட்டு, சந்தனத்துக்கிட்டப் போயிக் கண்ணு முழிக்குதுங்கிறாரு.

சரி, முழுங்குச்சு. ஒரு ஏப்பமாச்சும் விட வேணாமா? ஐயா, இங்க ஏதோ கோளாறு, ஒரு ஆளக் காணோம்னு ஒரு வார்த்தை? வேண்டியதில்லையாம். எழுதுறவன் எம்புட்டுத் தப்பா எழுதினாலும் பிரவுசரு வாயத் தொறக்காதாம். அதுவா ஒரு அனுமானம் பண்ணி, ஒட்டுப்போட்டு, பளபளன்னு காட்டுமாம். அதுதான் அதோட சமத்தாம். சித்தன்னவாசலுக்கு ஒருதடவ ஒரு ஆளு என்னையக் கூட்டிக்கிட்டுப் போனான். குகைக்குள்ள மேல இருக்கிற சித்திரத்துல பாதி அழிஞ்சுபோயிக் கெடக்கு. அவன் அழிஞ்ச எடத்துக்கெல்லாம் அவனா யானை, மீனு, எருமைன்னு சொல்லி ரொப்புறான். கடைசியில ஒரு சைக்கிளு வரைக்கும் சொல்லிட்டான். ஒங்க பிரவுசரு அவன் வம்சம். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லாது.

ஆவுடையார்கோவிலப் பாருங்க. மூலஸ்தானத்துல லிங்கம் கெடையாது, பீடம் மட்டுந்தான். இல்லைன்னா இல்லைன்னு தொறந்து காட்டுது பாருங்க, அது யோக்கியம். வெள்ளைச்சாமி பேரு கெடைக்கலையா, அந்த எடத்தக் காலியா விடு. ஏன் காலின்னு பாக்குறவன் கேப்பான். பக்கத்துல நின்ன சந்தனத்தப் புடிச்சு உக்கார வைக்கச் சொல்லி யாரு சொன்னா?

அதயேதான் வெள்ளைச்சாமியும் கேட்டாரு. கறாரான பிரவுசரே கெடையாதா தம்பின்னு. ஏன் இல்லை, ஒரு தப்பு இருந்தாலும் பக்கத்தையே காட்டாத மொறை ஒண்ணு இருக்கு, கொண்டாந்தாங்க, ஊரு ஒத்துக்கலைங்கய்யான்னுட்டு, எழிலரசன் அதே பத்திரிகைய அந்த மொறையில தொறந்தாரு. மஞ்சக் கலர்ல வெறும் பக்கம். மேல சிவப்பா ஒரு வரி, இன்ன வரியில தப்புன்னு. அம்புட்டுத்தான்.

வெள்ளைச்சாமிக்குச் சந்தோசம்னா சந்தோசம். இதுதான்யா ஆம்பளப் பிரவுசருன்னு தொடையில தட்டினாரு. தட்டிட்டுப் பாக்குறாரு. சந்தனத்தக் காணோம், சரி. முகூர்த்த நேரத்தக் காணோம். மண்டபத்தக் காணோம். அந்தப் பிள்ளை போட்டோவுல பல்லக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு, அதையும் காணோம். ஒத்தக் கொட்டேஷனுக்குக் கல்யாணமே இல்லாமப் போச்சு. அந்த மஞ்சள மேலயும் கீழயும் தள்ளித் தள்ளித் தேடியிருக்காரு. அப்பறம், பழைய மாதிரியே வையிய்யா, பிள்ளை மூஞ்சிய எங்க கொண்டுபோயி ஒளிச்சன்னு எழிலரசனத் திட்டியிருக்காரு.

தோத்துப்போனாருன்னு யாரு சொன்னா? அதெல்லாம் இல்லை. கண்ணு கூசுச்சு, அதுக்காக மாத்தச் சொன்னாரு.

இன்னொண்ணு கேளுங்க. எழிலரசன் அந்தக் கொட்டேஷன எதுக்குத் தொட்டாகன்னும் காட்டினாரு. மொதல்ல எல்லாப் பேரும் ஒரே கருப்பாத்தான் இருந்துச்சாம், அந்தப் பழைய வரியும் அழிக்காம அங்கயே கெடக்குதாம். மாமன் பேரு மட்டும் தங்கக் கலர்ல பெருசா மின்னணும்னு அந்தப் பிள்ளை கடைசி நேரத்துல அந்த ஒத்த வரிய மட்டும் மாத்தியிருக்கு. மாத்தினதுல கொட்டேஷன் விட்டுப்போச்சு. பேரு உள்ள இருக்குங்கய்யா, தங்கக் கலர்னு எழுதித்தான் இருக்கு, எல்லாரு போனுக்கும் போயிருக்கு, தெரியத்தான் மாட்டேங்குதுன்னாரு. வெள்ளைச்சாமி போன வாங்கிப் பையில போட்டாரு. கடைக்காரரு குடுத்த டீயக்கூடக் குடிக்காம எந்திரிச்சு வந்துட்டாரு.

திருத்திட்டாகளா? அன்னைக்கே திருத்திட்டாக. திருத்தினா? பாத்தவன் பாத்ததுதானே. அந்தச் சந்தனம் பட்டு வேட்டி எடுத்துட்டானாம் தம்பி. மாமன் வரலைன்னா நான் பட்டம் கட்டுறேன், முகூர்த்தம் நிக்கக்கூடாதுன்னு பெரிய மனுசன் மாதிரிச் சொல்றானாம். மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளும் சரிங்கிறாகளாம். ஆளக் காணோமா, பக்கத்துல நிக்கிறவன இழுத்து விடு. பட்டம் நெத்தியில ஏறும், போட்டோவுல பளபளன்னு இருக்கும், அங்க ஒரு ஓட்டை இருந்துச்சுன்னு பேரன் பேத்திக்குக்கூடத் தெரியாது. அந்த பிரவுசரு புத்தி மனுசனுக்கும் ஒட்டிக்கிச்சு.

அப்ப எப்படித்தான் இருக்கணுங்கிறீங்களா? ஒரு தப்புக்காகப் பக்கத்த மூடவும் வேணாம், ஒண்ணுமே நடக்காத மாதிரி மொழுகவும் வேணாம். காட்டு. காட்டிப்புட்டு, இந்த எடத்துல ஒரு ஆளு விட்டுப்போச்சுன்னு சொல்லு. இம்புட்டுத்தான். இதுக்கு ஒங்களுக்கு மெட்ராஸ்ல ஏழு மாடிக் கட்டடம்.

இந்தா, எறங்க வேண்டிய எடம் வந்துருச்சு. பத்தரைக்கு முகூர்த்தம், நேரம் இருக்கு. கொஞ்சம் எந்திரிச்சு அந்த மேல் கம்பியில இருக்கிற தாம்பாளத்த எடுத்துக் குடுங்க தம்பி, எனக்குக் கை எட்டாது. சாய்ச்சுராதீங்க, சேலைக்கு நடுவுல நெத்திப்பட்டம் இருக்கு. அட, வெள்ளைச்சாமி நான்தாங்க. வேற எவன் இந்த வெயில்ல தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டு வருவான்.

நீங்க முன்னால போங்க. தாய்மாமன் சீருக்கு வாசல்ல வந்து மேளத்தோட அழைக்கணும், அது மொறை, அழைக்காம நான் உள்ள காலு வைக்க மாட்டேன். அந்தப் புளியமரத்தடியில நிக்கிறேன். போயி, பொண்ணு காதுல மட்டும் போடுங்க, ஒங்க மாமன் வெளியில நிக்கிறாருன்னு. யாரு சொன்னான்னு கேட்டா, தம்பி, என் பேரச் சொல்லிராதீங்க. பஸ்ஸுல ஒரு பொய்யன் வந்தான், அவன் சொன்னான்னு சொல்லிருங்க.